ஸ்பீச் தெரபி: மையத்துக்குப் போவதா, வீட்டில் செய்வதா, ஆன்லைனா, கொஞ்சம் பொறுப்பதா?

"பிள்ளைக்கு ரெண்டரை வயசு. பத்து வார்த்தைகூட வரல. தெரபி சேர்க்கலாமா, இல்ல கொஞ்ச நாள் பார்க்கலாமா?" மாதம் ஒருமுறையாவது யாராவது எனக்கு இப்படி ஒரு குரல் செய்தி அனுப்புகிறார்கள். கேட்பவர் ஏற்கெனவே நாலு பேரிடம் கேட்டுக் குழம்பியிருப்பது குரலிலேயே தெரியும். தாத்தா, "அவங்க அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான், விடு" என்றிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஐந்து நாள் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருப்பார். மருத்துவர் ஒரு சீட்டில் 'ஸ்பீச் தெரபி' என்று எழுதிக் கொடுத்திருப்பார். எங்கே, எப்படி, எத்தனை நாள் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்காது.

நான் தெரபிஸ்ட் இல்லை. இப்போது ஒன்பது வயதாகும் என் மகனோடு கிட்டத்தட்ட எல்லா வழியிலும் போய்த் திரும்பியவன். ஒரு வழியில் தேவையில்லாமல் ஏழு மாதம் நின்றவன். அப்புறம் கொஞ்சம் படித்து, பொறுமைசாலியான இரண்டு தெரபிஸ்டுகளைக் கேள்வி கேட்டே படுத்தித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## முதலில் காது

எந்த வழி என்ற பேச்சே செவித்திறன் பரிசோதனைக்குப் பிறகுதான். "கூப்பிட்டா திரும்புறானே, டிவி போட்டா ஓடி வர்றானே" என்பதெல்லாம் பரிசோதனை ஆகாது. தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்டு, 'ஸ்', 'ஷ்' போன்ற உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தையும் கூப்பிட்டால் திரும்பத்தான் செய்யும். பிறந்த உடனே செய்த பரிசோதனையில் தேறிவிட்டது என்பதும் போதாது. சளி பிடித்தபின் நடுக்காதில் நீர் தங்கி, சில வாரம் மந்தமாகக் கேட்டு, சரியாகி, மறுபடியும் தங்குவது சிறு குழந்தைகளிடம் சகஜம். செவித்திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் போய் வந்தால் இப்போது காது எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். காது கேட்காத பிள்ளைக்கு ஆறு மாதம் படக்கார்டு காட்டிய கதைகள் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

மையம் பெரியதா, வீட்டுக்குப் பக்கமா என்று பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, பிரச்சினை எங்கே இருக்கிறது என்பது. 'பேசவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

நிறையப் பேசுகிறது, வீட்டுக்கு வெளியே யாருக்கும் புரிவதில்லை என்றால் அது ஒலிகளின் பிரச்சினை. ஒரே சொல்லை மூன்று முறை சொல்லச் சொன்னால் மூன்று விதமாகச் சொல்கிறது, வாய் எப்படி அசைய வேண்டும் என்று தேடித் தடுமாறுகிறது என்றால் அப்ராக்ஸியா இருக்கலாம். தசை பலவீனம் இதற்குக் காரணம் இல்லை. அசைவைத் திட்டமிடுவதில்தான் சிக்கல். சொல் குறைவு, வாக்கியம் சேரவில்லை, சொன்னது புரியவில்லை என்றால் அது மொழி. வேறெந்தக் காரணமும் இல்லாமல் மொழி மட்டும் பின்தங்கி நிற்கும் குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 7 பேர். ஆட்டிசத்தைவிட இது அதிகம், ஆனால் இதற்கென்று ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது: வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு. உளவியலாளர் டோரதி பிஷப் தலைமையில் பல துறை வல்லுநர்கள் கூடிப் பேசி 2017-ல்தான் இந்தப் பெயரில் ஒத்த கருத்துக்கு வந்தார்கள். நான்காவது திக்குதல். ஐந்தாவது, பேச வாய் இருந்தும் இன்னொருவரிடம் எதற்குப் பேச வேண்டும் என்பதே பிடிபடாத நிலை. ஆட்டிசத்தில் அடிக்கடி காண்பது இது.

இது தெளிவானாலே பாதி முடிவு தானாக விழுந்துவிடும். மீதிக்கு நான் பார்ப்பவை நான்கு.

வாரத்தின் மற்ற நேரம் யார் கையில் என்பது ஒன்று. மூன்று வயதுக் குழந்தை ஒரு நாளில் 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்று வையுங்கள், வாரத்துக்கு 84 மணி நேரம். 45 நிமிட செஷன் இரண்டு போனால் ஒன்றரை மணி நேரம். மீதி 82 மணி நேரத்துக்கும் மேல் அந்தக் குழந்தை உங்களோடுதான் இருக்கிறது.

இரண்டாவது, அந்த 45 நிமிடத்தில் குழந்தை உண்மையில் எத்தனை முறை முயற்சி செய்கிறது. மூன்றாவது, ஆறு மாதம் இதே வேகத்தில் உங்களால் போக முடியுமா. நாலாவது, மாற்றம் தெரிகிறதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள். "நல்லா இம்ப்ரூவ் ஆகியிருக்கான்" என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது.

## கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பது

இதையும் ஒரு வழியாகத்தான் நான் எண்ணுகிறேன். கேலிக்கு உரியது இல்லை. இரண்டு வயதில் 50 சொல்லுக்குக் குறைவாகவோ, இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாமலோ இருக்கும் குழந்தைகளைத் 'தாமதமாகப் பேசுபவர்கள்' என்ற கணக்கில் வைப்பது வழக்கம். வேறு குறை இல்லாத பட்சத்தில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். தாத்தா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எட்டிப் பிடிக்காத மீதிப் பேர் வேறொரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள், அவ்வளவுதான்.

பட்டியல்களைப் பார்த்துக் குழம்புபவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, 'சுமார் 50 சொற்கள்' என்பதை 30 மாதத்தில் வைத்தது. குழந்தைகளில் 75 சதவீதத்தினராவது செய்யக்கூடியதை மட்டுமே ஒவ்வொரு வயதிலும் வைப்பது என்ற புதிய கணக்கு அது. தெரபிஸ்டுகளில் நிறையப் பேர் அதை எதிர்த்தார்கள். ஆகவே 24 மாதம் என்று ஒரு பட்டியலும் 30 மாதம் என்று இன்னொன்றும் சொன்னால், இரண்டில் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு கோடுகள்.

எப்போது பொறுக்கலாம்? சொன்னது புரிகிறது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறது, "பாரு" என்று உங்களை இழுத்துப் போய்க் காட்டுகிறது, பாவனை விளையாட்டு விளையாடுகிறது, மாதா மாதம் புதுச் சொல் சேர்கிறது என்றால் மூன்று மாதம் பார்க்கலாம். நாட்காட்டியில் தேதி குறித்துவிட்டுப் பொறுக்க வேண்டும். தேதி இல்லாத பொறுமை ஒன்றரை வருடம் நீண்டுவிடும்.

எப்போது கூடாது? புரிதலும் குறைவு, சைகை இல்லை, பெயர் சொன்னால் திரும்புவதில்லை, குடும்பத்தில் பேச்சு அல்லது படிப்புச் சிக்கல் உண்டு என்றால் காத்திருக்க வேண்டாம். எந்த வயதிலும் வந்த சொற்கள் மறைந்துபோனால் அந்த வாரமே பார்க்க வேண்டும்.

காத்திருப்பது இலவசம் போலத் தெரியும். சொல்ல முடியாத குழந்தை கடிக்கும், அடிக்கும், உருண்டு அழும். அதற்கு 'முரடு' என்று ஒரு பட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும். தவிர, நல்ல தெரபிஸ்டிடம் காத்திருப்போர் வரிசையே சில மாதம் ஓடும். அதனால் பொறுப்பவர்களும் வரிசையில் பெயரைக் கொடுத்துவிட்டே பொறுக்கலாம், வேண்டாமென்றால் ரத்து செய்துகொள்ளலாம்.

## மையத்தில், தெரபிஸ்டோடு தனியாக

'ஸ்பீச் தெரபி' என்றதும் எல்லோர் மனதிலும் வருவது இதுதான்: ஒரு சிறிய அறை, ஒரு மேசை, கண்ணாடி, படக்கார்டுகள். சில பிரச்சினைகளுக்கு இதற்கு மாற்றே இல்லை.

என் மகனுக்கு நாலரை வயது வரை 'க' வரவில்லை. 'க' எல்லாம் 'த' ஆகிவிடும். ஜன்னலில் உட்கார்ந்திருப்பது தாத்தா. மரத்தில் கத்துவது தாத்தா. காக்காவைத்தான் சொல்கிறான் என்று எங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. நாக்கின் பின்பகுதி எழும்ப வேண்டிய இடத்தில் நுனி எழும்புகிறது. சிறு குழந்தைகளிடம் இது சாதாரணம், மூன்றரை நாலு வயதுக்குள் தானாகப் போய்விடும். இவனுக்குப் போகவில்லை. நான் செய்ததெல்லாம் "காக்கா சொல்லு, கா... கா..." என்று சத்தம் போட்டதுதான். அவன் முகம் பார்த்து, முழு நம்பிக்கையோடு "தா... தா..." என்பான்.

அந்தத் தெரபிஸ்ட் மேசைமேல் இரண்டு படம் வைத்தார். ஒன்றில் சாப்பிடும் தட்டு, மற்றதில் காகிதக் கட்டு. "எது வேணும், கேளு" என்றார். அவனுக்குக் கட்டுதான் வேண்டும். "தட்டு" என்றான். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் தட்டை எடுத்து நீட்டினார். அவன் தலையாட்டினான். "தட்டு!" மறுபடி தட்டு. மூன்றாவது முறை அவன் வாயைத் திறந்து, நிறுத்தி, அவர் தொண்டையைப் பார்த்தான். அவர் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, நாக்கு நுனியை ஒரு விரலால் கீழே அழுத்திக் காட்டி, மெதுவாக 'க்' என்றார். அவனும் விரலை வைத்துக்கொண்டான். வந்தது 'க'வும் இல்லை, 'த'வும் இல்லை, இருமல் மாதிரி ஏதோ. கட்டு அவன் கைக்கு வந்துவிட்டது. அந்த முப்பது நிமிடத்தில் எழுபது எண்பது முறை முயன்றிருப்பான். நான் பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன்.

இது கை, கண், காது மூன்றும் கூர்மையான ஒருவர் எதிரில் உட்கார்ந்து செய்யும் வேலை. அப்ராக்ஸியாவுக்கு இன்னும் அதிகம் வேண்டும். எடித் ஸ்ட்ராண்ட் உருவாக்கிய டிடிடிசி (DTTC) போன்ற முறைகளில் குழந்தை தெரபிஸ்டின் முகத்தைப் பார்த்து, அவரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் சொல்லும், பிறகு அவர் மெல்லத் துணையை விலக்குவார். குறைந்த சொற்கள், ஏராளமான முயற்சி, வாரத்தில் பல முறை. வாரம் ஒருநாள் போய்வந்தால் அப்ராக்ஸியா நகராது.

ஆனால் எல்லாச் செஷனும் நான் மேலே சொன்ன செஷன் இல்லை. அதற்கு முன்னால், அவனுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது, வேறொரு மையத்தின் வராந்தாவில் நான் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியிருக்கும். 35 நிமிடம் கழித்துத் திறக்கும், "இன்னைக்கு நல்லா பண்ணினான் சார்" என்பார்கள். என்ன பண்ணினான் என்று கேட்டால், "ஆக்டிவிட்டீஸ்". ஒரு நாள் கதவு பாதி திறந்து கிடந்தது. அவன் நூலில் மணி கோத்துக்கொண்டிருந்தான், அவர் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார். பேச்சு ஒன்றும் நடக்கவில்லை.

இதன் மறைமுகச் செலவுகள் கட்டண ரசீதில் வராது. போக வர ஆகும் நேரம், வேலையில் போடும் அரைநாள் விடுப்பு, கூடவே இழுபடும் இன்னொரு பிள்ளை, தூங்க வேண்டிய நேரத்தில் செஷன் கிடைத்ததால் முதல் கால் மணி நேரம் அழுகையிலேயே போவது. எல்லாவற்றையும்விடப் பெரியது, "அதுதான் தெரபிக்குப் போகிறோமே" என்ற நிம்மதி. அந்த நிம்மதி 82 மணி நேரத்தையும் காலியாக விட்டுவிடும்.

ஒலிகள், அப்ராக்ஸியா, விழுங்குவதிலும் சிக்கல் உள்ள குழந்தைகள், முதல் மதிப்பீடு ஆகியவற்றுக்கு நேரில் போவதுதான் சரி. நிபந்தனை ஒன்றே ஒன்று: அறைக்குள் நீங்களும் இருக்க வேண்டும். சில குழந்தைகள் பெற்றோரைக் கண்டால் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது, வாஸ்தவம். அப்படியானால் கண்ணாடிச் சுவர், வீடியோ, கடைசிப் பத்து நிமிடம் என்று ஏதாவது ஒன்று வேண்டும். ஒன்றுமே இல்லை, கதவு மூடியேதான் இருக்கும் என்றால் நான் வேறிடம் பார்ப்பேன்.

இங்கே ஒரு சின்ன விலகல். 'ர', 'ழ' போன்றவை தாமதமாக வரும் ஒலிகள். மூன்று வயதுக் குழந்தைக்கு 'ர' வரவில்லை என்று போனால் நல்ல தெரபிஸ்ட் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். 'ழ' விஷயத்தில் தெரபிக்குப் போக வேண்டிய பெரியவர்கள்தான் நம்மில் அதிகம்.

## பெற்றோர் கற்றுக்கொண்டு வீட்டில் செய்வது

இது "வீட்ல நாங்களே பேசிப் பழக்குறோம்" என்பது இல்லை. தெரபிஸ்ட் பயிற்சி தருவது உங்களுக்கு, செய்வது நீங்கள், அவர் பார்த்துத் திருத்துவார். இந்த எண்ணம் புதிதும் அல்ல. அயாலா ஹானன் மனோல்சன் 1975-ல் மான்ட்ரியாலில் பெற்றோர் குழுக்களோடு தொடங்கியதுதான் பின்னாளில் ஹானன் திட்டமாக வளர்ந்தது. மொழித் தாமதத்துக்கு இந்த வழி எவ்வளவு எடுபடும் என்று சந்தேகப்படுபவர்கள் 2003-ல் வந்த காக்ரேன் (பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வைப் பார்க்கலாம். தெரபிஸ்ட் நேரடியாகச் செய்ததற்கும், பயிற்சி பெற்ற பெற்றோர் செய்ததற்கும் இடையே அது குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. 'பயிற்சி பெற்ற' என்பதை இரண்டு முறை படியுங்கள்.

எனக்குக் கிடைத்த முதல் பாடம் அவமானமாக இருந்தது. நானும் மகனும் விளையாடுவதை ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொன்னார்கள். பிறகு என்னையே எண்ணச் சொன்னார்கள். நான் கேட்ட கேள்விகள் 43. "இது என்ன? என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்? சொல்லு, சொல்லு." அவன் தானாக ஏதாவது சொன்னது, சைகை உட்பட, நாலு முறை. அதில் இரண்டு நான் பேசிக்கொண்டிருந்ததால் என் காதிலேயே விழவில்லை. விளையாட்டு என்று நான் நினைத்தது வாய்மொழித் தேர்வு.

மாற்றச் சொன்னவை மிகச் சாதாரணம். தரையில் அவன் முகத்துக்கு நேரே உட்கார். அவன் பார்ப்பதைப் பற்றிப் பேசு, நீ காட்ட நினைப்பதைப் பற்றி அல்ல. அவன் ஒரு சொல் சொன்னால் நீ இரண்டாக்கிக் கொடு: "காரு" என்றால் "காரு போகுது". அப்புறம், காத்திரு. குமிழி ஊதும் டப்பாவை மூடி இறுக்கிக் கையில் கொடுத்துவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணு. பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறில் என் வாய் திறந்துவிடும். மூன்றாம் நாள் பத்தைத் தாண்டி ஒருமுறை தாக்குப்பிடித்தேன். அவன் டப்பாவை என் முட்டியில் தட்டி, "தொற" என்றான். வராந்தாவில் உட்கார்ந்த ஏழு மாதத்தில் நான் கேட்காத சொல்.

திக்குதலுக்கும் இந்த வழி பொருந்தும். சிட்னியில் உருவான லிட்கம் முறை ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. தெரபிஸ்டின் வாராந்திர மேற்பார்வையில், தினமும் பயிற்சி செய்வது பெற்றோர். தங்குதடையில்லாமல் வந்த பேச்சை இதமாகப் பாராட்டுவதுதான் அதில் பெரும்பகுதி. இன்னொரு வழி, திருத்தாமல் வீட்டின் வேகத்தையும் நெருக்கடியையும் குறைப்பது. நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்டார்கள். 18 மாதம் கழித்து லிட்கம் குழுவில் 76.5 சதவீதம், மற்றதில் 71.4 சதவீதம் குழந்தைகள் திக்கவில்லை. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. அந்த வயதில் திக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை இல்லாமலே மீள்பவர்கள் என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும். எந்த முறை என்று மாதக்கணக்கில் அலசுவதைவிட, உங்கள் குணத்துக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வீட்டு வழியின் மறைமுகச் செலவு உங்கள் உடம்பும் மனசும். அலுவலகம் முடிந்து வந்து தரையில் உட்கார வேண்டும். ஒருவர் மட்டும் செய்து மற்றவர் செய்யாவிட்டால் சண்டை வரும், எங்கள் வீட்டில் வந்தது. பிள்ளை முன்னேறாத வாரத்தில் குற்ற உணர்வு முழுக்க உங்கள் தலையில். தாயோ தந்தையோ மனச்சோர்வில் இருக்கும் வீட்டில், பிள்ளையோடு இருக்க வேறு பெரியவர்களே இல்லாத வீட்டில், இதைத் தலையில் கட்டுவது நியாயமில்லை. அங்கே தெரபிஸ்டே செய்வதுதான் நல்லது.

## ஆன்லைன்

பெற்றோர் பயிற்சிக்கு ஆன்லைன் சரியாகப் பொருந்தும். காரணம் எளிது. திரைக்கு முன்னால் உட்கார வேண்டியது நீங்கள், குழந்தை பாட்டுக்குத் தரையில் விளையாடலாம். தெரபிஸ்ட் உங்கள் வீட்டு விளையாட்டுச் சாமானையே பார்த்து யோசனை சொல்வார். திக்குதலுக்கு லிட்கம் முறையை வெப்கேம் வழியே கொடுத்துப் பார்த்ததிலும் நேரில் கொடுத்ததற்கு இணையான பலன் கிடைத்திருக்கிறது. ஆறேழு வயதுக்கு மேல், உட்கார்ந்து திரையைப் பார்க்கக்கூடிய பிள்ளைக்கும் நன்றாகவே போகும்.

இரண்டு வயதுக் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துத் திரையைப் பார்க்க வைப்பது தெரபி அல்ல, மல்யுத்தம். ஒலிப் பயிற்சியிலும் ஒரு சிக்கல் உண்டு. இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் 'ஸ்' ஒலியையே சில சமயம் இரைச்சல் என்று நினைத்து மழுக்கிவிடும். பிள்ளை சரியாகச் சொன்னதா என்று அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்காது. அந்த வசதியை அணைத்துவிட்டு, கம்பி வைத்த மைக் ஒன்றைப் பயன்படுத்தினால் கொஞ்சம் தேவலை. மறைமுகச் செலவு, ஒவ்வொரு செஷனிலும் ஒரு பெரியவர் முழு நேரமும் உதவியாளராக இருந்தாக வேண்டும் என்பது.

## குழு

முதல் வழியாக இதை எடுக்க மாட்டேன். நாலு பிள்ளைகள் இருக்கும் குழுவில் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் முறை நாலில் ஒன்று. ஆனால் சொல் வந்துவிட்டது, ஒலி வந்துவிட்டது, மற்ற பிள்ளைகளோடு விளையாட்டில் நுழையத் தெரியவில்லை என்ற கட்டத்தில் மேசைக்கு எதிரே இருக்கும் பெரியவரால் கற்றுத்தர முடியாதது ஒன்று உண்டு. பெரியவர் பிள்ளைக்காகக் காத்திருப்பார். இன்னொரு ஐந்து வயதுப் பிள்ளை காத்திருக்காது. சரளமாகப் பேசும் ஓரிரு பிள்ளைகளும் கலந்திருக்கும் குழு கிடைத்தால் அதை விடக்கூடாது.

## ஒரே பார்வையில்

| குழந்தையின் நிலை | நான் முதலில் பார்ப்பது | அதிகம் உதவாதது |
|---|---|---|
| இரண்டு வயது, புரிகிறது, சைகை உண்டு, சொல் குறைவு | பெற்றோர் பயிற்சி, நேரிலோ ஆன்லைனிலோ. மூன்று மாதத்தில் மறு மதிப்பீடு | தினமும் மையத்துக்கு அலைவது |
| நிறையப் பேசும், வெளியாருக்குப் புரியாது | மையத்தில் தனியாக, வீட்டில் தினமும் 5–10 நிமிடம் | குழு மட்டும் |
| அப்ராக்ஸியா சந்தேகம் | நேரில், அடிக்கடி, குட்டி செஷன்கள் | வாரம் ஒரு நாள் |
| திக்குதல், ஆறு வயதுக்குள் | தெரபிஸ்ட் மேற்பார்வையில் பெற்றோர். ஆன்லைனும் சரி | "மெதுவாப் பேசு" என்று நிறுத்தித் திருத்துவது |
| ஆட்டிசம், பேச்சு இன்னும் இல்லை | பெற்றோர் பயிற்சி, கூடவே படம் அல்லது கருவி வழித் தொடர்பு | பேச்சு வரட்டும் என்று காத்திருப்பது |
| பேச்சு உண்டு, மற்ற பிள்ளைகளோடு ஒட்டவில்லை | குழு | தனிச் செஷனையே நீட்டிப்பது |

## கூடவே வரும் பொருட்கள், அறிவுரைகள்

படம் காட்டிக் கேட்கப் பழக்கினால், பேசும் கருவி கொடுத்தால், பிள்ளை சோம்பேறியாகிப் பேசாமலே போய்விடும் என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. 2006-ல் வந்த ஒரு மதிப்பாய்வு, நம்பகமான தரவு இருந்த 27 பேரை எடுத்துப் பார்த்தது. ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, 89 சதவீதம் பேருக்கு ஓரளவு கூடியது. ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985-ல் உருவாக்கிய பெக்ஸ் முறையில் பிள்ளை ஒரு படத்தை எடுத்து வந்து உங்கள் கையில் கொடுக்க வேண்டும். ஒருவரிடம் போய், அவர் கவனத்தைப் பெற்று, ஒன்றைக் கேட்பது என்ற வேலையின் முழு எலும்புக்கூடும் அதில் இருக்கிறது. ஆகவே இதைக் கடைசிப் புகலிடமாக வைக்காமல் முதல் நாளே தொடங்கலாம்.

ஆனால் பிள்ளையின் கையையோ முட்டியையோ பெரியவர் பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் தட்டச் செய்து "பாருங்க, எல்லாம் தெரியுது" என்று காட்டும் முறை வேறு. அங்கே பேசுவது பிடித்திருக்கும் பெரியவர் என்பது சோதனைகளில் தெளிவாகிவிட்டது. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றே அறிவித்திருக்கிறது.

பீப்பி ஊதுதல், நாக்கை மேலும் கீழும் ஆட்டுதல், கன்னத்தை மசாஜ் செய்தல் இவற்றால் பேச்சொலி திருந்தும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. 'க' வர வேண்டும் என்றால் 'க'வைத்தான் பழக வேண்டும். செஷனில் பாதி நேரம் பீப்பியில் போனால் கேளுங்கள்.

அப்புறம், "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், தமிழை நிறுத்திவிட்டுப் பள்ளி மொழிக்கு மாறுங்கள்" என்ற அறிவுரை. எனக்கும் வந்தது, இரண்டு வாரம் அப்படியே செய்தும் பார்த்தோம். இரண்டு மொழி கேட்பதால் மொழிக் குறைபாடு வருவதில்லை, இருக்கும் குறைபாடு அதிகமாவதும் இல்லை. தமிழை நிறுத்தினால் நடப்பது வேறு. கொஞ்சலும் கோபமும் கதையும் இயல்பாக வருகிற மொழியை விட்டுவிட்டு, தாத்தா பாட்டி நாலு கட்டளைச் சொற்களோடு நின்றுவிடுவார்கள்: கம், சிட், ஈட், நோ. அதிகப் பேச்சு தேவைப்படும் பிள்ளைக்கு வீட்டிலேயே பேச்சு குறைந்துவிடும். என் மாமியார் அந்த இரண்டு வாரமும் பேரனிடம் ஏறக்குறைய ஊமையாக இருந்தார். பிறகு ஒருநாள் "எனக்குத் தெரிஞ்ச பாஷையிலதான் பேசுவேன்" என்று ஆரம்பித்துவிட்டார். நல்லதாகப் போயிற்று.

## சேர்ந்த பிறகு

எந்த வழியானாலும் முதல் இரண்டு மூன்று சந்திப்புக்குள் எழுத்தில் ஒரு இலக்கு வாங்கிவிடுங்கள். "மொழியை மேம்படுத்துதல்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். "12 வாரத்தில், பத்தில் எட்டு முறை சொல்லின் தொடக்கத்தில் 'க' சரியாக வர வேண்டும்" அல்லது "ஒரு நாளில் ஐந்து விஷயமாவது, யாரும் கேட்காமல், சொல்லாலோ படத்தாலோ கேட்க வேண்டும்" என்ற மாதிரி இருக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு, பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். 'தாத்தா (காக்கா)' என்று எங்கள் நோட்டில் மூன்று பக்கம் இருக்கிறது.

12 வாரத்தில் நோட்டில் ஒன்றும் மாறவில்லை என்றால் முதலில் இலக்கை மாற்றச் சொல்லுங்கள், அடுத்து முறையை, அதன்பிறகு ஆளை. ஆளை மாற்றும்போது பழைய அறிக்கையைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். மாறியிருக்கிறது, ஆனால் வீடே களைத்துப்போயிருக்கிறது என்றால் நாலு வாரம் இடைவெளி எடுக்கலாம். திரும்பிப் போனதும் முதல் செஷனில் பழைய இலக்கையே ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் அந்த இடைவெளியில்தான் கற்றதைச் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள். எங்கள் நோட்டில் 'காக்கா' என்று அடைப்புக்குறி இல்லாமல் முதலில் எழுதியிருப்பது அப்படி ஒரு விடுமுறையின் இரண்டாவது வாரத்தில்.